பொட்டணிக் காக்கா சொல்லாத சொல்

பொட்டணிக் காக்காவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காத்தான்குடியிலிருந்து துணிமூட்டையை முதுகில் சுமந்துகொண்டு வருவார். அந்த மூட்டைக்குத்தான் பொட்டணி என்று பெயர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். தடித்த சீலையில் நான்கு முடிச்சுப் போட்டு, தோளுக்கு ஒரு பட்டி கொடுத்து, முதுகோடு இறுக்கிக் கட்டியிருப்பார். தூரத்தில் பார்த்தால் மூட்டைக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

அவருடைய வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. நான் கூட்டிச் சொல்லவில்லை. வராது என்றால் வராதுதான்.

"காக்கா, மாம்பழக் கரை வைச்ச நீலச் சீலை இரிக்கா?" என்று கேட்டால், "வரும் தங்கச்சி" என்பார். அன்றைக்கு வராது, அடுத்த மாதம் வரும். சில வேளை ஒரு வருசம் கழித்து வரும். ஆனால் வரும். ஒருமுறை என் பெரியம்மா, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவரை மடக்கிப் பார்ப்பதற்கென்றே கேட்டாள்.

"காக்கா, உன்ட பொட்டணிக்க யானை ஒண்டு இரிக்கா?"

காக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்ன நிறத்தில வேணும் அக்கா?" என்றார்.

பெரியம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அடுப்பில் கிடந்த சோறு அடிப்பிடித்துப் போயிற்று.

ஒரு வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்குப் பச்சைக் கரை வைத்த சிவப்புச் சீலை ஒன்று கொண்டு வந்தார். மூன்று வீட்டில் மூன்று பெண்கள் அதைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் "உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி ஊருக்குள் சண்டைதான் என்று நினைத்தோம். சடங்குக்கு முதல் நாள் மூன்று சீலையோடு வந்து நின்றார். ஏறாவூர் வரைக்கும் நடந்து யாரோ ஒரு வியாபாரியிடம் வாங்கி வந்ததாகச் சொன்னார். கால் இரண்டும் வெடித்து இரத்தம் வடிந்தது.

"ஒராளுக்கு இல்லெண்டு சொன்னா என்ன காக்கா?" என்று என் அம்மா கேட்டாள்.

"அதைச் செல்லுறதுக்கு ஒரு வாய் வேணுமா அக்கா? சும்மா இரிந்தாலே வெளங்கும்" என்றார், சொல்லுவதைச் செல்லுவது என்கிற தன் ஊர்ப் பேச்சில்.

உண்மைதான். கொஞ்சக் காலம் பழகினால் அவருடைய 'இல்லை' எதுவென்று விளங்கிவிடும். ஒன்றும் பேசாமல் பொட்டணியின் ஒரு முடிச்சை அவிழ்த்து, அதே முடிச்சைத் திரும்பப் போடுவார். அதுதான் அவருடைய இல்லை. அதை வாசிக்கத் தெரியவேண்டும். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில். வாவிக்கு மேற்குப் பக்கம். வயலும் காடுமான ஊர். சாமான் வாங்கவேண்டுமானாலும் மருந்து வாங்கவேண்டுமானாலும் தண்ணீரைக் கடந்து கடல் பக்கத்துக்குப் போகவேண்டும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வந்தார். இரண்டு போகம் வெள்ளாமை தண்ணீரில்லாமல் சாவியாகிப் போனதும், பொலன்னறுவைப் பக்கம் கோச்சி ரோட்டில், அதுதான் ரயில் தண்டவாளத்தில், சிலிப்பர் கட்டை மாற்றுகிற வேலைக்குப் போனார். வருசத்தில் இரண்டு தரம் வருவார். அவருக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் கையெழுத்துக்கு மேலே தெரியாது. காக்கா அந்தப் பக்கத்து வேலைக்காரருக்குச் இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கப் போகிறவர். ஆகவே எங்களுக்குக் கடிதம் காக்காதான்.

"எப்பிடி இரிக்கார்?"

"சுகமா இரிக்கார் தங்கச்சி. உங்களக் கேட்டார்."

மூன்று வருசமாக இந்த இரண்டு வசனத்தில்தான் நான் குடும்பம் நடத்தினேன். குறை சொல்லவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருசம் மாரி முடிந்த பிறகு ஒருநாள் வந்தார். நான் வாசலில் நெல்லுக் காயவைத்துக்கொண்டு நின்றேன். கேட்டேன். "சுகமா இரிக்கார்" என்றார். "உங்களக் கேட்டார்" என்றார். பிறகு குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். துணி காட்டாமலே போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டு வந்தது, கோழி நெல்லைக் கிண்டியது, நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது.

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குத் தந்தி என்றால் சாவு. வேறு எதற்கும் தந்தி வந்து நாங்கள் கண்டதில்லை. கொண்டுவந்த ஆள் கடதாசியை நீட்டினதும் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அவளைப் பார்த்து அம்மா விழுந்தாள். ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. கடதாசியை வாசிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அது இங்கிலீசு. பள்ளிக்கூடத்து வாத்தியார் லீவில் போயிருந்தார்.

அந்தத் தூரத்திலிருந்து உடம்பைக் கொண்டுவரமாட்டார்கள், அங்கேயே அடக்கியிருப்பார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் விடிய என்னை ஆற்றில் முழுகவைத்தார்கள். பெரியம்மா விதவை, அவளுக்குத்தான் முறை தெரியும். அவள் என் தாலிக்கொடியைக் கழற்றினாள். கொளுக்கி இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் இழுத்தாள். கழுத்தில் கீறல் விழுந்தது.

அன்று பின்னேரம் காக்கா வந்தார். வாசலில் சனத்தைக் கண்டு நின்றார். "ஆரு?" என்றார். அம்மா சொன்னாள். காக்காவுடைய முகம் சாம்பலாகப் போனது. கையை நீட்டி, "அந்தக் கடதாசியத் தாங்க" என்றார்.

துணிச் சுருளிலும் கோச்சி டேசன் பலகையிலும் இருக்கிற இங்கிலீசு எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் விரலால் தடவினார்.

"கடைசிச் சொல்லு எனக்குத் தெரியும். டேசனில தொர கூலியாளக் கூப்பிடுற சொல்லு. கம். வா எண்டு அருத்தம்." கடதாசியைக் கீழே இறக்கினார். "அக்கா, மவுத்தானவர் வா எண்டு கூப்பிடுவாரா? தம்பி உசிரோட இரிக்கார். நோய் வருத்தமா இரிக்கார். தங்கச்சியக் கூப்பிடுறார்."

ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

கழற்றின கொடியைப் பெண் தானாகப் போடக்கூடாது. வேறு யாரும் போடவும் கூடாது. கட்டினவர் கையால்தான் போடவேண்டும். கொடியைச் சீலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "நான் போறன்" என்றேன். அம்மாவுக்குத் தூரம் நடக்க ஏலாது. பெரியம்மா, செய்துவிட்ட காரியத்தின் பயத்தில், மூலைக்குள் ஒடுங்கிவிட்டாள். காக்கா, "நான் கூட்டிக்கொண்டு போறன் அக்கா. என்ட கூடப்பிறந்த மாதிரி" என்றார். அம்மா சரி என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் துறைக்குப் போனோம். இரண்டு பெரிய தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்து, மாட்டு வண்டியே ஏறுகிற மாதிரிச் செய்திருப்பார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதை புறப்படுகிற நேரம், கரையில் தூரத்தில் ஒரு பெண் சட்டிப் பானைக் கடகத்தோடு, "நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று கத்தினாள். பாதைக்காரன் காக்காவைப் பார்த்தான். காக்கா, "நிப்பம்" என்றார். அவள் வந்து ஏறினாள். பிறகு ஒருவன் இரண்டு ஆட்டோடு வந்தான். "நிப்பம்" என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. கழுத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செட்டிபாளையத்துக் கரையில் இறங்கித் தெருவுக்கு ஓடினோம். முதல் பஸ் போய்விட்டது. தூசு மட்டும் நின்றது.

"நிப்பம் நிப்பம் எண்டு சொல்லித்தானே?" என்றேன். அதுதான் அன்றைக்கு நான் பேசின முதல் பேச்சு.

"அடுத்தது வரும் தங்கச்சி."

வந்தது. பிதுங்க ஏறினோம். ஒரு கிழவர், "தம்பி, இந்தக் கோழிக் கூட்ட உன்ட மடியில வைக்கவா?" என்றார். "வைங்க." ஒரு தாய், "இந்தப் புள்ளைய ஒருக்காப் புடிங்க" என்றாள். "தாங்க." கொஞ்சத் தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். முதுகில் பொட்டணி, மடியில் கோழி, தோளில் ஒரு குழந்தை, கக்கத்தில் யாருடையதோ குடை. நடுவில் காக்காவுடைய தாடி மட்டும் தெரிந்தது. கண்டக்டர், "காக்கா, டிக்கட் கோழிக்கா உனக்கா?" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் வெட்கம் வந்தது. அவர் அங்கே கிடக்கிறார், நான் இங்கே சிரிக்கிறேன்.

காத்தான்குடியில் பஸ் நின்றபோது யன்னலால் தலையை நீட்டி ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டார். "வீட்ட செல்லிடுங்க, நான் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்திருவன்." இன்றைக்கு வரமாட்டேன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அவருடைய வீடு அங்கேயிருந்து கூப்பிடு தூரம்.

கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் டேசனுக்கு ஓடும்போது கோச்சி ஊதிவிட்டது. காக்கா ஒரு கையால் என் மூட்டையையும் பறித்துக்கொண்டு ஓடினார். கடைசிப் பெட்டியில் என்னைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டுத் தானும் தொத்திக்கொண்டார். மூச்சு இரைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "புடிச்சிட்டம்" என்று சிரித்தார்.

வாழைச்சேனை தாண்டினதும் காடு. இரண்டு பக்கமும் காடு. ஒரு பணிஸ் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கித் தந்தார். கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கடைசியா வந்த நேரம், நெல்லுக் காயவைச்ச அண்டைக்கு, சுகமா இரிக்கார் எண்டு சொன்னீங்களே. சுகமாத்தான் இரிந்தாரா?"

காக்கா பொட்டணியை முன்னுக்கு இழுத்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தார். கட்டினார்.

"அப்பவே காய்ச்சலா?"

இரண்டாம் முடிச்சை அவிழ்த்தார்.

"எழும்ப ஏலாமக் கிடந்தாரா?"

கை நின்றுவிட்டது. "ரெண்டு நாளில எழும்பிருவார் எண்டு நினச்ச தங்கச்சி. அத உங்களிட்டச் செல்லத்தான் வந்த. நீங்க சிரிச்சிட்டுக் கேட்டீங்க. வாய் அடைச்சுப் போச்சு."

பன்னிரண்டு நாள். தந்திக்குப் பன்னிரண்டு நாளுக்கு முதலே நான் இந்தக் கோச்சியில் ஏறியிருக்கலாம். பணிஸைச் சீட்டில் வைத்தேன். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினேன். பொலன்னறுவை வரைக்கும் அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவரும் அந்தப் பணிஸை எடுக்கவில்லை, தின்னவில்லை. கோச்சி ஆட்டத்தில் அது இரண்டு பேருக்கும் நடுவில் உருண்டுகொண்டே வந்தது.

கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மூலைக் கட்டிலில் கிடந்தார். கண் மஞ்சளாகிக் கன்னம் ஒட்டி, கை மட்டும் பழைய கையாக, சிலிப்பர் கட்டை தூக்கின பெரிய கையாக இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். குனிந்தேன். தலைப்பு விலகிவிட்டது.

"கொடி எங்க புள்ள?"

கீறலை வேறு கண்டிருப்பார். உங்களைச் செத்தவராக்கி முழுகிவிட்டு வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பின்னால் காக்கா நின்றார். "பத்திரமா இரிக்கி தம்பி" என்றார், அது ஒன்றும் பெரிய காரியமல்ல என்கிற மாதிரி. "பஸ்ஸிலயும் கோச்சிலயும் கழுத்தில கைவைக்கிற கூட்டம். நாந்தான் கழற்றி முடிஞ்சு வைங்க எண்டு செல்லின. அவசரத்தில கொளுக்கி கீறிட்டு."

அவர் சிரித்தார். "நல்ல வேல செஞ்சீங்க காக்கா. இஞ்ச கொண்டா புள்ள."

முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்தேன். அவர் கொளுக்கியை மாட்டப் பார்த்தார். கொளுக்கி மூன்று தரம் நழுவியது. காக்கா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பின்னால் கொண்டுபோய் அவருடைய விரலுக்கு மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். மாட்டிற்று.

"ஆச்சா தம்பி?" என்றார் காக்கா, திரும்பாமல்.

"ஆச்சு காக்கா."

அடுத்த நாள் கஞ்சி பருக்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: "தந்தி வந்த உடனே வெளிக்கிட்டியா?"

"ஓம்" என்றேன். "உடனே வெளிக்கிட்டன்."

கதவடியில் காக்கா குந்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவருடைய வாய் வந்திருந்தது.

மூன்றாம் நாள் விடிய என் வீட்டுக்காரர் போய்விட்டார். கூட வேலை செய்தவர்கள் அங்கேயே அடக்கினார்கள். காக்கா தன் பொட்டணியிலிருந்து வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பெண் என் கொடியைக் கழற்ற வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். "இது அவர் கட்டினது. என்ட ஊரில என்ட ஆக்கள் கழற்றட்டும்" என்றேன். அழக்கூட இல்லை. அந்நியர் முன்னால் நான் அழுகிறவள் இல்லை.

திரும்பி வருகிற கோச்சியில் காக்காவிடம் சொன்னேன்: "அம்மாட்ட நீங்கதான் சொல்லவேணும். உங்கட வாயால. இல்ல எண்ட சொல்ல நீங்க சொல்லவேணும்."

"ஓம்" என்றார்.

அது தண்டனைதான். நான் மறைக்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு அந்த ஒரு சொல்லை வாங்கிவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் ஏறியிருந்தது. பஸ்ஸில் காக்காவுடைய உதடு அசைந்துகொண்டே வந்தது. ஓதுகிறாரா, சொல்லிப் பழகுகிறாரா என்று தெரியவில்லை. ஒருவரும் அவர் மடியில் ஒன்றும் வைக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே வைக்கத் தோன்றாது.

பாதை எங்கள் கரையை நெருங்கியது. வெயில் நேரே என் மேலே விழுந்தது. கரையில் அம்மாவும் பெரியம்மாவும் நின்றார்கள். எத்தனை நாளாக வந்து வந்து நின்றார்களோ. நான் தலைப்பைச் சரியாக்க மறந்திருந்தேன்.

பெரியம்மாதான் முதலில் கண்டாள். "கொடி! இஞ்ச பாருகா, புள்ளட கழுத்தில கொடி கிடக்கு!" என்று கத்தினாள். "கட்டிட்டார்! என்ட ராசா கட்டிட்டார்! நான் பாவி அவசரப்பட்டிட்டன்!" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அம்மா நடக்க ஏலாத காலோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

"காக்கா! என்ட மருமகன் சுகமா இரிக்காரா?"

எத்தனை வருசமாக அவர் பதில் சொன்ன கேள்வி அது. கேட்டு முடிக்கிறதுக்கு முதல் பதில் வரும். காக்கா பொட்டணியை முதுகிலிருந்து கழற்றிப் பலகையில் வைத்தார். நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. கை முடிச்சைத் தேடியது. பிறகு தேடுவதையும் விட்டது. மறுபடி வாயைத் திறந்தார். தண்ணீருக்குள் தள்ளின மாடு மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி இருந்தது.

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

எனக்குள் ஏறியிருந்த வைராக்கியம் அந்த இடத்தில் இறங்கிப் போயிற்று. நான் அவருக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அம்மா, அவர் இல்ல" என்றேன்.

அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. பெரியம்மா என் கழுத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தந்தி வந்த அன்றைக்கே கிடந்த கண்ணீரையெல்லாம் அழுது முடித்துவிட்ட ஊர். கரையில் ஒரு சத்தமும் இல்லை.

பின்னால்தான் கேட்டது. காக்கா பலகையில் குந்தி, பொட்டணிக்குள் முகத்தை வைத்து, குழந்தை மாதிரிக் கதறிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது ஊரே அழுதது. செத்த பிறகு முதலில் அழுதவர் அவர்தான்.